60 வெள்ளி இயர்போனும் மிருதங்கத்தின் தொப்பியும்
கடந்த வாரம் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவில் 60 வெள்ளிக்கு ஓர் இயர்போன் வாங்கினேன். முதல் நாள் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த நாதம் தரும் பக்கத்தின் ஒலியே காணாமல் போயிருந்தது. இயர்போனைக் குறை சொல்வதற்கு முன், காதுக்குள் செல்லும் சிலிக்கான் முனையைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருந்த பெரிய முனையை மாட்டிப் பார்த்தேன். முனைக்கும் காதுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும் என்பதால், அது சரியாகப் பொருந்திய மறுகணமே தொப்பியின் 'கும்' என்ற நாதம் முழுமையாக வந்து சேர்ந்தது.

மலிவு விலை இயர்போன்களை மதிப்பிட நான் பெரிதும் நம்புவது பெண்குரலைத்தான். 'ச', 'ஸ' வரும் இடங்களில் காது கூசினால், ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மிகையாகத் தூக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கடையில் பளிச்சென்று தோன்றும் அந்த ஒலி, எம்ஆர்டி ரயில் பயணம் முடிவதற்குள் சலிப்பூட்டிவிடும். இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைப்பதும் அவசியம், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதையே நம் செவி சிறந்தது என்று எடுத்துக்கொள்கிறது.

என்னுடையதில் குரல் கூசவில்லை. தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து முழங்கும்போது மட்டும் ஒன்றோடொன்று கலந்து குழம்புகின்றன. இந்த விலைக்கு அதை நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்.