பன்னிரண்டு கியாட்தா தங்கமும் ஒரு மோலும்

ரங்கூனில் தங்கம் வாங்கப் போனால் கடைக்காரர் கிராம் பேச மாட்டார். கியாட்தா, பே, யுவே, இதுதான் கணக்கு. ஒரு கியாட்தா ஏறக்குறைய 16.33 கிராம். ஊர்க் கணக்கில் சொன்னால் ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு பே, பேயை எட்டாகப் பிரித்தால் ஒரு யுவே. யுவே என்பது குண்டுமணிதான். சிவப்பு உடம்பும் கறுப்புக் கண்ணுமாக இருக்குமே, தமிழ்நாட்டுப் பத்தர்கள் தராசுத் தட்டில் போட்ட அதே விதை.

எங்கள் அப்பா பத்தர். முகல் தெருப் பக்கத்துக் கடைகளுக்கு நகை செய்து கொடுத்தவர். நான் மாலையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். இங்கே அந்தப் பாடத்துக்குப் புத்தகம் ஆங்கிலத்தில்; பள்ளியில் விளக்குவது பர்மிய மொழியில்; என்னிடம் வந்தால் தமிழும் பர்மியமும் கலந்து ஓடும். எந்த மொழியில் சொன்னாலும் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இடம் ஒன்றுதான்: மோல் என்ற அலகு. சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுத்துவிடுவார்கள். "எதுக்கு சயாமா இது? கிராம்லயே சொன்னா என்ன?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பதில் அப்பாவின் தராசில் இருக்கிறது.

ஒரு டப்பாவில் குண்டுமணி இருக்கிறது. எத்தனை என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணலாம், இல்லை நிறுக்கலாம். 128 யுவே சேர்ந்தால் ஒரு கியாட்தா. டப்பாவில் இருப்பது ஐந்து கியாட்தா என்றால் 640 விதை. ஒரு விதையைக்கூட விரலால் தொட்டு எண்ணவில்லை. இப்போது பக்கத்து டப்பாவில் ஆனைக்குண்டுமணி, அதுதான் மஞ்சாடி. பர்மியக் கணக்கில் அது சின்ன விதையைப் போல ரெண்டு மடங்கு எடை. அதிலும் 640 விதை வேண்டும் என்றால் பத்து கியாட்தா நிறுத்தால் போதும். ஒற்றை விதையின் எடை ஒன்றுக்கு ரெண்டு. அதனால் சம எண்ணிக்கைக்கு மொத்த எடையும் ஒன்றுக்கு ரெண்டு. இது புரிந்த பிள்ளைக்கு மோல் புரிந்துவிட்டது. மீதி எல்லாம் இதையே அணுவுக்குச் செய்வதுதான்.

அணுக்களை யாரும் தட்டில் எண்ணிப் போட முடியாது. ஆனால் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு கனம் என்பது தெரியும். கார்பன் 12 என்றால் செம்பு 63.5, வெள்ளி 107.9, தங்கம் 197. ஆகவே 12 கிராம் கார்பன், 63.5 கிராம் செம்பு, 107.9 கிராம் வெள்ளி, 197 கிராம் தங்கம் என்று நாலையும் நாலு தட்டில் வைத்தால், நாலிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கைக்குத்தான் ஒரு மோல் என்று பெயர். எங்கள் ஊர் அளவில் தங்கத்தின் ஒரு மோல் கிட்டத்தட்ட மிகச் சரியாகப் பன்னிரண்டு கியாட்தா. செம்பின் ஒரு மோல் நாலு கியாட்தாவுக்கும் சற்றுக் குறைவு. பன்னிரண்டு கியாட்தா தங்கம் உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் கையைக் கீழே இழுக்கும். அதே எண்ணிக்கைச் செம்பு மூன்றில் ஒரு பங்கு எடையோடு நிற்கும்.

எண்ணிக்கை எவ்வளவு? 602214076 என்று எழுதிப் பின்னால் 15 சுழியம் போடுங்கள். பிள்ளைகள் இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். உலகத்தையே மூடும் மணல், கடலையே நிரப்பும் பட்டாணி என்று விளக்கங்கள் வேறு. எனக்கு அவற்றில் பிரியம் இல்லை. எண் பெரியது என்று தெரிந்துகொள்வதால் ஒரு கணக்கும் தெளிவாகாது. ஏன் இந்த எண், வேறு எண் ஏன் இல்லை என்பதே கேட்க வேண்டியது. அணுநிறையை எடுத்துக்கொண்டு அதை கிராமில் நிறுக்கலாம் என்று மனிதர்கள் முடிவு செய்தார்கள். கிராமுக்கும் அணுவுக்கும் இடையே இருக்கும் தூரம்தான் அந்த எண். விசை என்ற பர்மிய எடை அளவில் நிறுக்கலாம் என்று முடிவு செய்திருந்தால், ஒரு விசை 1633 கிராம் ஆகையால், எண்ணும் 1633 மடங்கு பெரிதாக இருந்திருக்கும். வேதியியல் ஒன்றும் மாறியிருக்காது.

சரி, இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கிராமிலேயே சொன்னால் என்ன?

நகைக்குப் போகும் தங்கத்தை இங்கே 15 பே தங்கம் என்பார்கள். 16 பே என்றால் சொக்கத் தங்கம். 15 பே என்றால் பதினாறு பங்கு எடையில் பதினைந்து பங்கு தங்கம், ஒரு பங்கு வேறு உலோகம். அந்த ஒரு பங்கு முழுக்கச் செம்பு என்று வைத்துக்கொள்வோம். தராசு சொல்வது பதினாறில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஆறேகால். இப்போது அதே நகையை அணுக்கணக்கில் பாருங்கள். 15-ஐ 197-ஆல் வகுத்தால் 0.0761. 1-ஐ 63.5-ஆல் வகுத்தால் 0.0157. ஒன்றை மற்றதால் வகுத்தால் 4.8 சொச்சம். தங்க அணு ஐந்துக்குச் செம்பணு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. நூற்றுக்கு ஆறேகால் என்று நாம் நினைத்த செம்பு, எண்ணிக்கையில் நூற்றுக்கு பதினேழு.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. சொக்கத் தங்கம் எளிதில் வளையும் அளவுக்கு மென்மை; இவ்வளவு சின்னச் செம்பு சேர்ந்ததும் கம்பி விறைத்துக்கொள்கிறது, கல் பதித்தால் பிடித்து நிற்கிறது. தங்க அணுவை விடச் செம்பணு சிறியது. ஒரே அளவான அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் இடத்தில் ஆறில் ஒன்று சின்னதாக வந்து உட்கார்ந்தால், அடுக்கு அங்கங்கே இழுபட்டு, ஒரு வரிசை இன்னொரு வரிசைமேல் எளிதில் வழுக்கிப் போக முடியாமல் ஆகிறது. உலோகம் தன் எடையைப் பார்த்து நடந்துகொள்வதில்லை, எத்தனை அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து நடந்துகொள்கிறது. வேதிவினையும் அப்படித்தான்.

வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூனில் தெருமுனைக்குத் தெருமுனை கூன்யாக் கடை, அதாவது வெற்றிலைக் கடை; சுண்ணாம்பு தெரியாத பிள்ளை கிடையாது. சுண்ணாம்புக்கல்லை சூளையில் வைத்துச் சுட்டால் 100 கிராமுக்கு 56 கிராம் நீற்றாத சுண்ணாம்பு நிற்கும், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். 56, 44 என்று மனப்பாடம் செய்தால் அது வெறும் எண். ஒரு மோல் கல் உடைந்து, ஒரு மோல் சுண்ணாம்பும் ஒரு மோல் வாயுவும் ஆனது என்று சொன்னால் நடந்தது என்ன என்றே தெரிகிறது. அப்புறம் தண்ணீர் ஊற்றி நீற்றினால் 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 கிராம் ஆகும். அதுவும் ஒன்றுக்கு ஒன்று. சூடு பறந்து நீராவியாகப் போவதால் நிஜத்தில் தண்ணீர் கூடுதலாகவே ஊற்ற வேண்டும், ஆனால் சுண்ணாம்போடு சேர்வது 18-தான். இன்னொன்றையும் இங்கேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவேன்: கல்லைச் சுடும்போது மொத்த எடை மாறவில்லை, 100-க்கு 100. ஆனால் ஒரு மோல் இரண்டு மோல் ஆகிவிட்டது. எடை காப்பாற்றப்படும், அணுக்கள் காப்பாற்றப்படும், மோல் எண்ணிக்கை அப்படியே நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தேர்வில் பாதி மதிப்பெண் இதில்தான் கரைகிறது.

எதனுடைய மோல் என்று சொல்லாமல் மோல் என்று மட்டும் சொல்வதும் தப்பு. ஆக்சிஜன் ஒரு மோல் என்றால் அணுவா, இரட்டையாகத் திரியும் மூலக்கூறா? முதலாவது 16 கிராம், இரண்டாவது 32.

வாயுக்களிடம் வரும்போது 22.4 லிட்டர் என்ற எண்ணை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அது சுழியம் டிகிரி வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில் இருக்கும் கணக்கு. ஏப்ரல் மாதம் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் இங்கே வெயில் 37 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஒரு மோல் வாயு இருபத்தைந்தரை லிட்டருக்கு நெருங்கி நிற்கும். சம கொள்ளளவு, சம வெப்பம், சம அழுத்தம் என்றால் எந்த வாயுவானாலும் மூலக்கூறு எண்ணிக்கை சமம் என்று இத்தாலியர் அவகாட்ரோ 1811-லேயே சொன்னார். எத்தனை என்ற எண் அவருக்குத் தெரியாது. அவர் 1856-ல் இறந்தார். அவர் சொன்னதை வேதியியலார் சபையில் எடுத்து நிறுத்தியவர் கன்னிசாரோ, 1860-ல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில். எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை வைத்தவர் பிரெஞ்சுக்காரர் ழான் பெரேன், 1909-ல்.

இந்தப் பெரேன் செய்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் விடுவதே இல்லை. ஒரு மரத்துப் பிசினிலிருந்து எடுக்கும் மஞ்சள் சாயம். அதை மிக நுண்ணிய, ஒரே அளவான மணிகளாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டார். மணிகள் அடியில் போய்ப் படியவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருப்பதால் கீழே நெருக்கமாகவும் மேலே போகப்போகக் கலைவாகவும் மிதந்தன. நம்மைச் சுற்றிய காற்று மலையேற மலையேற மெலிவது மாதிரியேதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஒவ்வொரு உயரத்திலும் எத்தனை மணி என்று எண்ணினார்கள். ஒரு மணியின் எடை தெரியும், எவ்வளவு வேகமாக எண்ணிக்கை குறைகிறது என்பது தெரிந்துவிட்டது; அதிலிருந்து ஒரு மூலக்கூறின் எடைக்கும், அங்கிருந்து மோலின் எண்ணுக்கும் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 7-க்குப் பின்னால் 23 சுழியம். இன்றைய மதிப்புக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். அணு என்று ஒன்று நிஜமாகவே உண்டா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் பலர் இதற்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். 1926-ல் நோபல் பரிசு வந்தது.

கடைகளில் கிடைக்கும் பழைய கையேடுகளில் மோலின் இலக்கணம் இன்னும் 1971-ல் வகுத்ததாகவே இருக்கிறது: 12 கிராம் கார்பன்-12-ல் (அணுநிறை 12 உள்ள கார்பன் வகை) எத்தனை அணுவோ அத்தனை. 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. இப்போது எண்தான் முதல். 6.02214076 பெருக்கல் பத்தின் 23-ஆம் அடுக்கு. இதற்குப் பின்னால் தசமம் எதுவும் கிடையாது, அவ்வளவுதான், நிலையானது. அந்த எண்ணை முடிவு செய்ய உதவியவற்றில் ஒன்று, சிலிக்கனைக் கிட்டத்தட்ட குறையில்லாத உருண்டையாகக் கடைந்து, ஒரு கிலோ எடையில், அதன் விட்டத்தையும் உள்ளே அணுக்கள் நிற்கும் இடைவெளியையும் அளந்து, மொத்த அணுக்களைக் கணக்கிட்ட வேலை. கற்பிக்கிறவர்களுக்குப் புது இலக்கணம் பெரிய வசதி. "மோல் என்பது இத்தனை" என்று தொடங்கலாம். கார்பனை நடுவில் இழுத்து வந்து பிள்ளையைச் சுற்றவிட வேண்டியதில்லை. எடையெல்லாம் பிறகு தானே வரும்.

அப்பாவுக்கு இப்போது வேலை இல்லை, கண் சரியில்லை. பாடம் நடக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். 15 பே கணக்கைப் போட்டுக் காட்டிய அன்று, "செம்பு மட்டும் எதுக்கும்மா, வெள்ளியும் போடுவோம்ல. அதுக்கும் போட்டுப் பாருங்க" என்றார் என் மாணவியிடம். "சரி தாத்தா" என்று அவள் நோட்டைத் திருப்பி, இன்னும் ஒரு படி இறங்கி 14 பேக்குப் போட்டாள். எட்டில் ஒரு பங்கு எடைக்குச் செம்பு சேர்த்தால் அணுக்களில் நூற்றுக்கு முப்பத்தொன்று செம்பு. அதே எடைக்கு வெள்ளி சேர்த்தால் நூற்றுக்கு இருபத்தொன்றுதான், வெள்ளியணு கனமானது ஆயிற்றே. அவள் பென்சிலை வைக்கும் முன்பே அப்பா சொன்னார்: வெள்ளி மட்டும் போட்டால் தங்கம் வெளுக்கும், ஆனால் செம்பு போட்டது மாதிரி விறைக்காது, வளைவு கேட்கும். எண்ணிக்கை குறைவு என்பது பாதிக் காரணம். மறுபாதி, வெள்ளியணுவும் தங்க அணுவும் கிட்டத்தட்ட ஒரே பருமன். அடுக்கில் வந்து உட்கார்ந்தால் அங்கே இழுபறி இல்லை. அடுத்த வகுப்புக்கு மூன்றையும் கலந்த கணக்கைப் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்: 15 பே தங்கம், அரை பே செம்பு, அரை பே வெள்ளி. நீங்களும் போட்டுப் பாருங்கள். 197, 63.5, 107.9, இந்த மூன்று எண்களே போதும்.