கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு தேர்வு: நெதர்லாந்தின் ஒருங்கிணைப்புத் தேர்வு அனுபவம்

நெதர்லாந்தில் உயர்திறன் பணியாளர் அனுமதியில் வேலைக்கு வருபவர்களிடம் டச்சு மொழி தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகம் ஆங்கிலத்தில் நடக்கும்; கடையிலும் ரயிலிலும் ஆங்கிலமே போதும். ஆனால் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்தபின் நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ வேண்டுமென்றால், இன்பர்கெரிங் எனப்படும் ஒருங்கிணைப்புத் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் என்னைப் போன்ற பலர் நிரந்தர வசிப்புரிமையோடு நின்றுகொள்கிறோம். அதற்கும் இதே தேர்வுதான். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், தேர்வு எழுதியே ஆக வேண்டிய புதுக் குடியேறிகளுக்குப் பி1 என்ற உயர்ந்த மொழித்திறன் நிலையை விதித்திருக்கிறது. கட்டாயம் இல்லாமல் நானாக எழுதியதால் எனக்கு அதற்குக் கீழான ஏ2 நிலையே போதுமானதாக இருந்தது.

தேர்வை நடத்துவது டூயோ என்ற அரசுக் கல்வி நிர்வாக அமைப்பு. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று மொழிக்கு நான்கு தாள்கள் உண்டு. ஐந்தாவது தாள் கே.என்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் டச்சுச் சமூக அறிவுத் தேர்வு. எதை எப்போது எழுதுவது என்பது நம் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டணம் செலுத்தித் தனியாக நாள் குறித்துக்கொள்ளலாம். மாதிரித் தேர்வுகள் அரசின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றின் வடிவம் உண்மைத் தேர்வோடு ஏறத்தாழ ஒத்திருக்கிறது. கேள்வி வங்கிகளை விலைக்கு வாங்கி விடைகளை மனப்பாடம் செய்வோர் இங்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்வில் தேற அது உதவக்கூடும். ஆனால் இந்த நாட்டில் வாழப்போகிறவருக்கு, அந்த ஐந்தாவது தாளுக்கான பாடத்தை ஊரோடு சேர்த்துப் படிப்பதைப் போலப் பயன் தரும் வேறொன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மொழியைச் சொல்லிவிடுகிறேன். டச்சு முதன்மை வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் இரண்டாம் இடத்தில் நிற்கும். ‘இன்று’ என்று தொடங்கினால் அடுத்தது ‘போகிறேன்’, அதன்பின்தான் ‘நான்’, கடைசியில் ‘வேலைக்கு’. ஆங்கிலப் பழக்கத்தில் ‘இன்று நான்’ என்று தொடங்குவோர் இந்த இடத்திலேயே தடுமாறுகிறார்கள். ஆனால் காரணம் சொல்லும் துணை வாக்கியம் வந்தவுடன் வினை நேராக இறுதிக்குப் போய்விடும். அந்த அமைப்பு தமிழ் பேசுகிறவருக்குப் புதிதன்று. எங்கள் வகுப்பில் ஸ்பானிய மொழி பேசும் மாணவர்கள் மிகவும் சிரமப்பட்ட அந்தப் பகுதி எனக்கு இயல்பாகவே வந்தது. பிரியும் வினைகள் வேறு வகையான சோதனை: தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் ‘ஓப்பெல்லன்’ என்ற வினையின் ‘பெல்’ இரண்டாம் இடத்திலும் ‘ஓப்’ வாக்கியத்தின் முடிவிலும் போய் நிற்கும். ஆகவே கேட்டல் தேர்வில் கடைசிச் சொல் காதில் விழும்வரை பொருளை முடிவுசெய்யக் கூடாது.

எண்களையும் நேரத்தையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்தை ‘ஐந்தும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்கிறார்கள். எட்டரை மணியை ‘அரை ஒன்பது’ என்கிறார்கள். கேட்டல் தேர்வில் ரயில் நேரம், மருத்துவர் சந்திப்பு, பொருளின் விலை ஆகியவை அடிக்கடி வரும் என்பதால் இதில் கவனம் தவறினால் எளிய மதிப்பெண்கள் போய்விடும். எனக்கு உதவியது ‘யூக்ட்ஜர்னால்’ என்ற தொலைக்காட்சிச் செய்தி. சிறுவர்களுக்காக நாள்தோறும் ஒளிபரப்பாகும் அதில் உச்சரிப்பு தெளிவாகவும் வாக்கியங்கள் சிறியனவாகவும் இருக்கும். பேச்சுப் பயிற்சிக்கு ஊர் நூலகத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் மொழிக் கூடலுக்குப் போனேன். நம் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது இங்குள்ளவர்களின் இயல்பு, அதை அவர்கள் நமக்குச் செய்யும் உதவியாகவே கருதுகிறார்கள். ‘நான் பழகிக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து டச்சிலேயே பேசுங்கள்’ என்று ஒருமுறை சொன்னால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னோடு வாரந்தோறும் அமர்ந்து, நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கே.என்.எம். பாடத்தில் நில அமைப்பும் வரலாறும் ஒரு பகுதி. நான் வசிப்பது கௌடா நகரில். இங்கிருந்து ராட்டர்டாமுக்குப் போகும் ரயில் பாதை, கடலைத் தடுத்தும் ஏரியை வற்றவைத்தும் பெற்ற போல்டர் நிலங்களின் வழியே செல்கிறது. நாட்டின் மிகத் தாழ்ந்த இடமாகக் குறிக்கப்படுவது, நியூவெர்கெர்க் ஆன் டென் ஐசல் என்ற ஊருக்கு அருகே, ஸவுட்ப்ளாஸ்போல்டரில், கடல்மட்டத்துக்கு இணையாக இங்கு வைத்திருக்கும் ஆம்ஸ்டர்டாம் நீர்மட்ட அளவுக்கு 6.76 மீட்டர் கீழே இருக்கிறது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே என்று பாடநூலில் படிப்பது ஒன்று. தலைக்கு மேலுள்ள உயரத்தில் ஆறு ஓடுவதை, அதன் கரையின் அடிவாரத்தில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது வேறொன்று. மழைநீர் தானாக வடியும் வழி இங்கு இல்லை. வாய்க்காலிலிருந்து உயர்ந்த கால்வாய்க்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் அதை ஏற்றி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு காற்றாலைகள் செய்த அந்த வேலையை இன்று மின் பம்புகள் செய்கின்றன.

1953 ஜனவரி 31 இரவும் பிப்ரவரி 1 அதிகாலையும் வடகடலில் புயலும் உயரலையும் சேர்ந்து வந்தபோது, தென்மேற்குப் பகுதியில் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். தேர்வுக்கு இந்த ஆண்டும், அதன்பின் எழுந்த டெல்டா திட்டம் என்ற வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் பெயரும் தெரிந்தால் போதும். ஆனால் நியூவெர்கெர்க்கில் அன்று நடந்ததைத் தெரிந்துகொண்டபோதுதான் அந்த ஆண்டு எனக்கு வெறும் எண்ணாக இல்லாமல் போனது. ஹாலந்து ஐசல் ஆற்றின் கரை உடையத் தொடங்கியபோது, ஊர்த் தலைவர் ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டியின் சரக்குப் படகைக் கேட்டார். எவெக்ரூன் தம் படகை அந்த உடைப்புக்குள்ளேயே செலுத்தி நிறுத்தினார். படகு கதவுபோல அடைத்துக்கொண்டது, அதன்மேல் மண் மூட்டைகளை அடுக்கினார்கள். அந்தக் கரை போயிருந்தால் தாழ்ந்த தென்ஹாலந்தின் பெரும்பகுதி நீருக்குள் போயிருக்கும். அதே ஆற்றில் டெல்டா திட்டத்தின் முதல் தடுப்பணை 1958இல் இயங்கத் தொடங்கியது. ஊஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை 1986இலும் ராட்டர்டாம் கடல்வாயிலைக் காக்கும் மாஸ்லாண்ட் தடுப்பு 1997இலும் திறக்கப்பட்டன.

இந்த நீரை நிர்வகிப்பது நகராட்சியும் மாகாணமும் அல்ல. வாட்டர்ஸ்காப் எனப்படும் நீர் வாரியங்கள். நாடு முழுவதும் 21 வாரியங்கள் உள்ளன. கௌடா அடங்கும் ரெய்ன்லாண்ட் வாரியத்தின் வரலாறு பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை செல்கிறது. அவற்றுக்குத் தனித் தேர்தல் உண்டு, தனி வரியும் உண்டு. சட்டப்படி இங்கு வசிக்கும் வெளிநாட்டவரும் அந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க உரிமையில்லாத எனக்கு, 2023 மார்ச் மாதத் தேர்தலில் நீர் வாரியத்துக்கான வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்தது. கரை உடைந்தால் குடியுரிமை பார்த்து நீர் புகாது என்பதை இந்த நாட்டுச் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. ஒருங்கிணைப்பு என்பதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

வரலாற்றுப் பகுதியில் 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வருகிறது. பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய கம்பெனி அது. கப்பல், மிளகு, செல்வம் என்பதோடு நில்லாமல் அடிமை வணிகத்தையும் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள். டச்சுக் காலனியாக இருந்த சுரினாமில் அடிமைமுறை 1863 ஜூலை 1 அன்று ஒழிக்கப்பட்டது. அதே நாளில், 2023இல், நெதர்லாந்து மன்னர் வில்லெம்-அலெக்சாந்தர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். சோழமண்டலக் கரையிலிருந்தும் பஞ்ச காலங்களில் மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். அதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்றாட வாழ்க்கை குறித்த கேள்விகளுக்கு ஒரு நேரான முறை இருக்கிறது. பக்கத்து வீட்டில் சத்தம் அதிகமாக இருந்தால் முதலில் யாரிடம் போவீர்கள்? காவல்துறைக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்காரரிடமே போய்ப் பேச வேண்டும். உடல்நலம் சரியில்லையென்றால் நேராக மருத்துவமனைக்குப் போகாமல் குடும்ப மருத்துவரிடம் போக வேண்டும், அவர் அனுப்பினால்தான் சிறப்பு மருத்துவர். காப்பீட்டில் ஆண்டுக்கு 385 யூரோ வரை நாமே ஏற்க வேண்டியிருந்தாலும் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு அது பொருந்தாது. பிள்ளை பிறந்தால் மூன்று நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். ஐந்து வயதிலிருந்து பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். பள்ளி நாட்களில் அனுமதியின்றிப் பிள்ளையை ஊருக்கு அழைத்துச் சென்றால் அபராதம் உண்டு. இது நம் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செய்தி. சமமான சூழலில் இருக்கும் எல்லோரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற அரசியலமைப்பின் முதல் பிரிவும், ஒருபால் திருமணத்தை 2001இல் உலகில் முதலாவதாகச் சட்டமாக்கியதும் கேட்கப்படும். மனப்பாட விடைகளாக மட்டும் இவற்றை ஏற்றுக்கொண்டால் அலுவலகத்திலும் பள்ளியிலும் மனிதர்களைப் புரிந்துகொள்ளாமலே வாழ நேரும்.

தேர்வை ராட்டர்டாமில் எழுதினேன். அடையாள ஆவணத்தைச் சரிபார்த்து, கைப்பேசி உட்பட எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். எழுதுதல் தாள் மட்டும் பேனாவும் காகிதமும்; மற்றவை கணினியில். பேசுதல் தாளில் திரையில் ஒருவர் கேள்வி கேட்பார், நாம் ஒலிவாங்கியில் பதில் சொல்ல வேண்டும். அதே அறையில் மற்றவர்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதால், வீட்டில் வானொலியை ஓடவிட்டுப் பழகியது கைகொடுத்தது. ஒரே கேள்வியில் இரண்டு செய்திகள் கேட்கப்பட்டால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் குறையும். கே.என்.எம். தாளில் சிறு காணொளிகளைக் காட்டிப் பல தெரிவுக் கேள்விகள் கேட்கிறார்கள்.

முடிவுகள் வர எட்டு வாரங்கள்வரை ஆகலாம், தேர்வுக்கு இடம் கிடைக்கவும் சில வாரங்கள் காத்திருக்க நேரலாம். அனுமதி முடியும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குவது நல்லது. படித்தலையும் கேட்டலையும் முதலில் முடித்துவிடுங்கள். கே.என்.எம். தாளும் டச்சு மொழியிலேயே இருப்பதால், அந்த இரண்டுக்கும் தயாரான பின் அதை எழுதினால் கேள்வியைப் புரிந்துகொள்ளவே நேரம் போகாது. பேசுதலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தின் மொழிக் கூடலுக்கு முன்பதிவோ கட்டணமோ தேவைப்படவில்லை. உங்கள் ஊர் நூலகத்திலும் விசாரித்துப் பாருங்கள்.