பாதித் திரையில் ஆடிய சகோதரர்கள்

1954இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் (எம்.ஜி.எம்.) நிறுவனம் வெளியிட்ட 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' படத்தில், ஊரார் ஒன்றுகூடித் தானியக் கொட்டகை ஒன்றை எழுப்பும் நாளில் நடக்கும் நடனம் ஒன்று உண்டு. காட்டிலிருந்து வந்த ஆறு சகோதரர்கள், அவர்கள் மனத்தைக் கவர்ந்த பெண்கள், அந்தப் பெண்களை விட்டுக்கொடுக்க மனமில்லாத உள்ளூர் இளைஞர்கள் என்று திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆட்கள் நிறைந்திருப்பார்கள். நடன அமைப்பாளர் மைக்கேல் கிட், இயக்குநர் ஸ்டான்லி டோனன் இருவரும் அப்போது புதிதாக வந்திருந்த சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையின் அகலம் முழுவதையும் கணக்கில் கொண்டே அந்த நடனத்தை அமைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் ஒருவர் தாவினால், மறுமுனையில் நிற்கும் போட்டிக்காரர்களின் முகமும் அதே கணத்தில் நமக்குத் தெரிய வேண்டும். அந்த நடனத்தின் கதையே அதில்தான் இருக்கிறது.

வீடியோ கேசட்டில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. அக்காலத் தொலைக்காட்சித் திரை சதுரத்தை ஒட்டிய வடிவம் கொண்டது. அதை முழுவதும் நிரப்ப வேண்டும் என்பதற்காக, சினிமாஸ்கோப் சட்டகத்தில் ஏறத்தாழப் பாதியை மட்டும் தேர்ந்தெடுத்து, தேவை என்று தோன்றும்போது அந்தத் தேர்வை இடமும் வலமும் நகர்த்திப் பதிவு செய்தார்கள். 'பேன் அண்ட் ஸ்கேன்' என்று அழைக்கப்பட்ட அந்த முறையில், எந்தச் சகோதரரைக் காட்டுவது, யாரை விடுவது என்பதைப் படம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தொழில்நுட்பப் பணியாளர் முடிவு செய்தார். நானும் இந்தப் படத்தை முதலில் பார்த்தது அப்படிப்பட்ட ஒரு கேசட்டில்தான். துள்ளலான இசைக்குப் பொருந்தாமல் காட்சி ஏன் இப்படி அலைபாய்கிறது என்பது அன்று எனக்குப் புரியவில்லை. பின்னாளில் முழு அகலத்துடன் வந்த பதிப்பைப் பார்த்தபோதுதான், அந்த நடனத்தில் கேமரா எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதும், அசைவு அனைத்தையும் ஆடுகிறவர்களிடமே விட்டுவிட்டு அது ஒதுங்கி நிற்கிறது என்பதும் தெரிந்தன.

ஹாலிவுட்டின் பழைய இசைப் படங்களை வீட்டுத் திரைக்காகச் சேகரிக்கும் ரசிகர்களைப் பழைமை ஏக்கத்தில் மூழ்கியவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அவர்களைப் போலக் கவனமாகப் படம் பார்ப்பவர்கள் குறைவு. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தாலும் பரவாயில்லை, சட்டகம் முழுதாக வேண்டும் என்று 1980களில் லேசர் டிஸ்க் என்ற வீடியோ தட்டுகளை வாங்கியவர்கள் விடாமல் கேட்டதில் இந்த ரசிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எல்.பி. இசைத்தட்டின் அளவில், முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் இருந்த அந்தத் தட்டுகள் விலை கூடியவை; வாங்கியவர்கள் சிறுபான்மையினர். ஆனாலும் அந்தச் சிறுபான்மையினரின் பிடிவாதம் பிறகு டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் வழக்கமாகிப் போனது.

நடனப் படத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் நல்ல சான்று. 1930களில் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் நடிக்கத் தொடங்கிய நாள் முதலே, ஆடும்போது தலை முதல் பாதம் வரை முழு உடலும் தெரிய வேண்டும், இடையில் வெட்டுகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 'டாப் ஹாட்', 'ஸ்விங் டைம்' போன்ற அந்தக் காலப் படங்களின் சட்டகம் பழைய தொலைக்காட்சித் திரையின் வடிவத்தை ஒத்திருந்ததால், அவை கேசட்டிலும் பெரிய சேதமின்றித் தப்பின. அடிபட்டவை 1953க்குப் பிறகு வந்த அகலத்திரைப் படங்களே. 1955இல் வந்த 'இட்ஸ் ஆல்வேஸ் ஃபேர் வெதர்' படத்தில் ஜீன் கெல்லி, டான் டெய்லி, மைக்கேல் கிட் மூவரும் குப்பைத் தொட்டி மூடிகளைக் காலில் மாட்டிக்கொண்டு தெருவில் ஆடுவார்கள். வேறொரு காட்சியில் திரை மூன்றாகப் பிரிந்து, மூவரும் மூன்று வெவ்வேறு இடங்களில் ஒரே நடனத்தை ஆடுவார்கள். அந்தச் சட்டகத்தில் பாதியை வெட்டினால் மிஞ்சுவது எதுவாக இருந்தாலும் அது அந்த நடனம் ஆகாது.

'செவன் பிரைட்ஸ்' படத்துக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. எல்லாத் திரையரங்குகளிலும் சினிமாஸ்கோப் வசதி வந்திருக்காது என்ற அச்சத்தில், அதே நடிகர்களை வைத்து சாதாரணச் சட்டகத்துக்காகவும் படம் முழுவதையும் தனியாக எடுத்தார்கள். அந்தப் பதிப்புக்குப் பெரிதாகத் தேவை எழவில்லை. அது கிடங்கிலேயே இருந்துவிட்டது. இன்று டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஒரே நடனத்தை ஒரே குழு இரண்டு சட்டகங்களுக்காக எப்படி ஆடியது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு 1954இல் திரையரங்குக்குப் போன எவருக்கும் கிடைக்காத ஒன்று.

வண்ணத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. அக்கால வண்ணப்பட முறையான டெக்னிகலரின் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் இருந்த பட்டகம் ஒளியைப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ் சுருள்களில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிய வைத்தது. பிரதி எடுக்கும்போது அந்த மூன்றிலிருந்தும் சாயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். மூன்று சுருள்களும் காலப்போக்கில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆகவே பழைய வீடியோ பதிப்புகளில் நடிகர்களின் உருவத்தைச் சுற்றி மெல்லிய வண்ண நிழல் ஒன்று படிந்திருக்கும். துணியின் நெசவும் முகத்தின் மென்மையும் மங்கிப்போயிருக்கும். 2000களின் தொடக்கத்தில், மூன்று பதிவுகளையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்த வைக்கும் முறை வந்தது. 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படம் அந்த முறையில் 2004இல் டிவிடியாக வந்தபோது, பல ஆண்டுகளாக அதைப் பார்த்துப் பழகியவர்களே நாயகி ஜூடி கார்லண்டின் சிவப்புக் கூந்தலையும் வீட்டுச் சுவரின் தாள் ஓவியங்களையும் புதிதாகப் பார்த்தார்கள்.

'சிங்கின் இன் தி ரெயின்' படத்துக்கு அந்த நல்வாய்ப்பும் முழுமையாக அமையவில்லை. 1952இல் வந்த அந்தப் படத்தின் மூல நெகட்டிவில் பெரும்பகுதி, 1978இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லம் என்ற திரைப்பட அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் ஏற்பட்ட தீயில் அழிந்துபோனது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களோடு போன படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இன்று நாம் பார்க்கும் டிவிடியும், 2012இல் வந்த அறுபதாம் ஆண்டு ப்ளூ-ரேயும், 2022இல் வந்த 4கே தட்டும் பாதுகாப்புக்காக முன்னரே எடுத்து வைத்திருந்த பிரதிகளைச் சார்ந்தே உருவானவை. மழையில் கெல்லி குடையை மடக்கி விளக்குக் கம்பத்தில் தாவி ஏறும் இடத்தில், அவருடைய கம்பளிச் சட்டை நனைந்து கனத்துத் தொங்குவதையும், தெருவோரக் குழிகளில் நீர் தெறிப்பதையும் இப்போது தெளிவாகப் பார்க்க முடிகிறது. மூலமே எரிந்துபோன ஒரு படத்தில் இது கிடைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தப் பிரதிகளை ஒழுங்காக எடுத்து வைத்த பெயர் தெரியாத ஊழியர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இனி, ரசிகர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசும் பொருளுக்கு வருகிறேன்: படத்திலிருந்து வெட்டப்பட்ட பாடல்கள். 1953இல் வந்த 'தி பேண்ட் வேகன்' படத்துக்காக நடன நடிகை சிட் சாரிஸ் ஆடிய 'டூ-ஃபேஸ்டு உமன்' என்ற பாடலைப் படத்தில் சேர்க்கவில்லை. இந்தியா ஆடம்ஸ் பாடிய அதே ஒலிப்பதிவை எம்.ஜி.எம். நிறுவனம் வீணாக்காமல், அதே ஆண்டில் வந்த 'டார்ச் சாங்' படத்தில் ஜோன் கிராஃபோர்டுக்குப் பயன்படுத்தியது. கிராஃபோர்டின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி எடுத்த அந்தக் காட்சி இன்று பார்ப்பவர்களைக் கூச வைக்கும், அது நியாயமும்கூட. 1994இல் வெளியான, பழைய இசைப் படக் காட்சிகளின் தொகுப்பான 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட் 3' இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் காட்டியது. ஒரே குரலுக்கு இரண்டு உடல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் அறியேன். பின்னணிப் பாடல்களிலேயே வளர்ந்த நமக்கு அதன் சுவை கூடுதலாகவே புரியும்.

ஜூடி கார்லண்ட் ரசிகர்களுக்கு 'ஈஸ்டர் பரேட்' படத்திலிருந்து நீக்கப்பட்ட 'மிஸ்டர் மொனாட்டனி' ஒரு பொக்கிஷம். இர்விங் பெர்லின் எழுதிய அந்தப் பாடலுக்கு, ஆண்களின் கோட்டு, சாய்ந்த தொப்பி, கறுப்புக் காலுறை அணிந்து அவர் ஆடுகிறார். இரண்டாண்டுகள் கழித்து 'சம்மர் ஸ்டாக்' படத்தில் புகழ்பெற்ற தோற்றம் அதுவே. 2005இல் வந்த டிவிடியில், அன்றாடப் படப்பிடிப்பில் பதிவான காட்சித் துண்டுகளையே தொகுத்துத் தந்திருக்கிறார்கள். ஒரே வரிக்கு அவர் மீண்டும் மீண்டும் நடிப்பதை அதில் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் உதட்டசைவு ஒலிப்பதிவோடு பிசகாமல் பொருந்துகிறது. ஆனால் தோளைச் சாய்க்கும் விதமும், பார்வை போகும் திசையும் ஒவ்வொரு தடவையும் சற்று மாறுகின்றன. மேதைமை எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும்.

அவரே நடிக்கத் தொடங்கி, இடையில் நீக்கப்பட்டு, பெட்டி ஹட்டன் நடித்து 1950இல் வெளியான 'ஆனி கெட் யுவர் கன்' படம் உரிமைச் சிக்கலால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொதுப் பார்வைக்கே வராமல் இருந்தது. 2000இல் அது வீடியோவாக வந்தபோது, கார்லண்ட் நடித்து முடித்திருந்த இரண்டு பாடல்களையும் இணைத்திருந்தார்கள். அவற்றில் அவர் களைத்துத் தெரிகிறார். அதைப் பார்க்க எனக்கு மனம் கனத்தது. ஆயினும் அது ஒளித்து வைக்கப்படாமல் வெளிவந்ததே சரி என்று நினைக்கிறேன். 'மை ஃபேர் லேடி' தட்டில் ஆட்ரி ஹெப்பர்ன் தம் சொந்தக் குரலில் பாடிய பகுதிகள் கிடைப்பதும் இதே காரணத்துக்காக மதிப்புடையது. படத்தில் அவருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். இரண்டையும் கேட்டவர்கள், ஹெப்பர்னின் குரல் மெலிதானது என்றாலும் பூ விற்கும் நாயகி எலைசாவுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று வாதிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான், குறைந்தபட்சம் படத்தின் முதல் பாதிக்கு.

இத்தனை துண்டுகளும் தாமாக வெளியே வந்துவிடவில்லை. எம்.ஜி.எம். படங்களின் உரிமை டர்னர் நிறுவனத்துக்கும் பிறகு வார்னர் நிறுவனத்துக்கும் கைமாறிய காலம் முழுவதும், ஜார்ஜ் ஃபெல்டன்ஸ்டைன் போன்ற சிலர் அந்த நிறுவனங்களுக்குள்ளேயே ரசிகர்களாக இருந்து, கிடங்குகளைத் தேடி, தட்டுகளில் சேர்த்தார்கள். ஒலிப்பதிவுகளில் அவர்களுக்கு ஒரு புதையலும் அகப்பட்டது. எம்.ஜி.எம். இசைக்கூடத்தில் 1930களின் இறுதியிலிருந்தே ஒரே பாடலைப் பல மைக்குகள் வழியாகத் தனித்தனிச் சுருள்களில் பதிந்து வந்தார்கள். குரலையும் வாத்தியங்களையும் சமன்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு அது. எஞ்சிய அந்தப் பதிவுகளை இணைத்துத்தான் 1940களின் பாடல்களை இன்று ஸ்டீரியோவில் கேட்கிறோம். அதே நிறுவனம் தன் எழுத்து இசைக்குறிப்புகளை 1960களின் இறுதியில் குப்பை மேட்டுக்கு அனுப்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1954இன் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்துக்கு நேர்ந்ததும் அதைப் போன்றதே: 181 நிமிடப் படத்தை வெளியான சில வாரங்களில் 154 நிமிடமாக வெட்டினார்கள். 1983இல் திரைப்படப் பாதுகாவலர் ரொனால்ட் ஹேவர் வெட்டிய பகுதிகளைத் தேடிச் சேர்த்தபோது ஒலி முழுதாகக் கிடைத்தது, காட்சிகள் சில கிடைக்கவில்லை. அந்த இடங்களில் புகைப்படங்கள் நகர, பின்னால் உரையாடல் ஒலிக்கிறது. வீட்டுத் தட்டிலும் அப்படியே இருக்கிறது.

இங்கிருந்து வாங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அமெரிக்க டிவிடிகள் முதல் மண்டலக் குறியீடு கொண்டவை, இந்தியாவுக்கு உரியது ஐந்தாவது; ஆகவே எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் வேண்டும். 2009இல் தொடங்கிய வார்னர் ஆர்கைவ் வரிசையின் ப்ளூ-ரேக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தடை இல்லை. மலிவாகக் கிடைக்கும் 'ராயல் வெட்டிங்' தட்டுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பதிப்புரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததால் யார் வேண்டுமானாலும் அதை வெளியிடலாம் என்றாகி, வெளுத்துப்போன பிரதிகளே சந்தையில் நிறைந்தன. அஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஏறி ஆடும் காட்சியை அப்படிப் பார்ப்பதைவிட, வார்னர் நிறுவனமே வெளியிட்ட பதிப்பைத் தேடி வாங்குவது நல்லது.

என் விருப்பப் பட்டியலில் முதலிடம் 1959இன் 'போர்கி அண்ட் பெஸ்' படத்துக்கு. சிட்னி பாய்ட்டியேவும் டாரதி டான்ட்ரிட்ஜும் நடித்து, 70 எம்.எம். திரைக்காக எடுக்கப்பட்ட படம்; உரிமையாளர்களிடையே உடன்பாடு இல்லாததால் பல பத்தாண்டுகளாக முறையான வீடியோ வெளியீடே காணாதது. பாய்ட்டியேவுக்கு ராபர்ட் மெக்ஃபெரினும் டான்ட்ரிட்ஜுக்கு அடெல் அடிசனும் பின்னணி பாடினார்கள். சாமி டேவிஸ் ஜூனியர் படத்தில் தாமே பாடினார். அந்த மூன்று குரல்களையும் ஆறு தட ஒலியில், சட்டகம் முழுதாகத் தெரியக் கேட்க வேண்டும் என்று நானும், என்னைப் போன்றவர்களும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.