நெல் ஆலையிலிருந்து பிறந்த கட்சி

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் நெல் வட்டாரமான தஞ்சோங் காராங் பக்கம் அடிக்கடி அனுப்புவார்கள். பேரேட்டையும் ரசீதுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அங்கத்தினர்களிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது என் வழக்கம்.

அங்கேதான் அப்துல் அஜிஸ் இஷாக்கின் பெயரை முதன்முதலில் மரியாதையோடு சொல்லக் கேட்டேன். ஒரு பழைய சங்கத்தில் உரக்கடன் பத்தியை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த முதிய விவசாயி ஆலைச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மொத்த எடை ஒரு வரி, ஈரத்துக்கும் பதருக்கும் கழித்தது அடுத்த வரி, மிச்சம் கடைசி வரி. நடு வரியில் விரலை வைத்து, "மகனே, இதை எழுதுகிறவன் ஆலைக்காரன். அஜிஸ் இருந்திருந்தால் நாங்களே எழுதியிருப்போம்" என்றார். "யார் பெரியவரே அந்த அஜிஸ்?" என்று கேட்டேன். அதன் பிறகு நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அஜிஸ் இஷாக் உத்துசான் மெலாயு என்ற மலாய் நாளிதழில் பத்திரிகையாளராக இருந்தவர். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோப் இஷாக்கின் தம்பி. 1955 முதல், பின்னாளில் மலாயாவின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் விவசாய அமைச்சர், ஆளும் கூட்டணியின் மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் துணைத் தலைவர்களில் ஒருவர். கம்பத்து (மலாய்க் கிராமத்து) வறுமைக்கு அவர் கண்ட காரணத்தில் சுற்றிவளைப்பு இல்லை. விதைக்கும் காலத்தில் விவசாயி கடைக்காரரிடம் கடன் வாங்குகிறான். அறுவடை நெல்லை அவர் சொன்ன விலைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறான். 'பாடி குன்சா' என்பார்கள். நெல் களத்துக்கு வருமுன்பே அது அவனுடையதல்ல. ஆகவே ஆலையும் உரமும் விவசாயிகளின் கூட்டுறவுக் கையில் இருக்க வேண்டும் என்றார். தனியார் நெல் ஆலை உரிமங்களைச் சங்கங்களுக்கு மாற்றப் பார்த்தார். யூரியா உரத் தொழிற்சாலையையும் கூட்டுறவே நடத்தட்டும் என்று நின்றார். அரசோ அந்நிய முதலீட்டில் பெரிய உர ஆலை வருவதையே விரும்பியது. 1962-ல் அவரைச் சுகாதார அமைச்சுக்கு மாற்றப் பார்த்தார்கள். மறுத்தார், அமைச்சரவையை விட்டு வெளியேற நேர்ந்தது.

1963-ல் தேசிய மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். அதை இடதுசாரிக் கட்சி என்று எழுதுவார்கள், சரிதான். ஆனால் அது மார்க்ஸைப் படித்துப் பிறந்ததல்ல, ஆலை உரிமக் கோப்பிலிருந்து பிறந்தது. கணக்கு பார்க்கிறவனாக எனக்கு அதன் மீது பிடிப்பு வரக் காரணமும் அதுவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆலைகள் பெரும்பாலும் சீனர்களுடையவை. அதனால் அவருடைய திட்டம் இன நிறம் பூசிக்கொண்டது. பிழைப்பு போகுமே என்ற ஆலைக்காரர்களின் பயமும் பொய்யல்ல. அதே மனிதர் பிறகு தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் இருந்த சோசலிஸ்ட் முன்னணியில் சேர்ந்தார். தொழிற்கட்சியின் பலமோ சீனர்கள் நிறைந்த பட்டணங்களிலும் புதுக்கிராமங்களிலும் இருந்தது. தொழிற்சங்கவாதி வி. டேவிட் போன்ற நம்மவர்களும் அந்தக் கட்சியில் முன்வரிசையில் நின்றார்கள். நெல் வயலும் பட்டணத் தொழிலாளியும் ஒரே மேடைக்கு வரக்கூடிய வாய்ப்பு அது. அது வளர அவகாசம் கிடைக்கவில்லையே என்று இன்றும் வருந்துகிறேன்.

மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா 'கொன்ஃப்ரொந்தாசி' என்ற மோதலை நடத்திய காலம் வேறு. 1964 ஏப்ரல் தேர்தலில் தீபகற்பத்தின் 104 தொகுதிகளில் ஆளும் கூட்டணி 89-ஐ வென்றது. சோசலிஸ்ட் முன்னணிக்கு இரண்டே இடம், இரண்டும் தொழிற்கட்சிக்கு. 1965 தொடக்கத்தில் அஜிஸ், இஸ்லாமியக் கட்சியான பாஸின் புர்ஹானுடின் அல்ஹெல்மி, தொழிற்கட்சியின் இஷாக் ஹாஜி முகமது ஆகியோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். இந்தோனேசிய உதவியோடு வெளியில் போட்டி அரசாங்கம் அமைக்கச் சதி என்பது குற்றச்சாட்டு. வழக்கு விசாரணை இல்லை. தலைவர் உள்ளே போனதும் கட்சி கரைந்தது.

என் மனம் இதைச் சம்பந்தனோடு சேர்த்தே பார்க்கிறது. அதே அமைச்சரவையில் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களின் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் பாட்டாளிகள் கூலியில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். அந்தச் சங்கம் நிலைத்தது. சம்பந்தனுடையதும் அஜிஸ் கேட்டதும் இரண்டுமே கூட்டுறவுதான். ஒன்று, போகிற வெள்ளைக்காரனிடம் விலை கொடுத்து வாங்கியது. மற்றது, இருக்கிற வியாபாரியின் உரிமத்தையும் வரவிருக்கிற கம்பெனியின் சந்தையையும் கேட்டது. அமைச்சரவை எதைப் பொறுத்துக்கொள்ளும் என்பதை இந்த ஒரு வித்தியாசமே தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

அஜிஸ் எழுப்பிய பிரச்சினை உண்மையானது என்பதை அரசே பிறகு ஒப்புக்கொண்டது போலத்தான் காரியங்கள் நடந்தன. 1965-ல் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா வந்தது, 1971-ல் தேசிய நெல் அரிசி வாரியம். ஆனால் அவர் கேட்டது விவசாயிக்கு ஓட்டு உள்ள ஆலை. வந்தது அதிகாரிகள் நடத்தும் வாரியம். அதுவும் பின்னாளில் பெர்னாஸ் என்ற நிறுவனமாகி, 1996-ல் தனியார்மயமானது. எங்கள் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் உர விலையைப் பற்றிக் கை தூக்கிக் கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. ஆலைச் சீட்டின் நடு வரியைப் பற்றிக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை.