கோலம் இல்லாத வாசல்

மே 3, 2025, சனி

சோழவந்தானுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்றாம் வீட்டார் இன்று காலை திரும்பியபோது பின்கதவு திறந்து கிடந்திருக்கிறது. ஏழு பவுன் போய்விட்டது, பேத்தியின் காதுகுத்துக்கு எடுத்துவைத்திருந்த தோடும் சேர்த்து. பீரோ சாவி பீரோவின் மேலேயே இருந்ததாம். அந்த அக்கா அழவில்லை. காலியான நகைப்பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

பூட்டைப் பார்த்தேன். கனமான திண்டுக்கல் பூட்டு, ஒரு கீறல்கூட இல்லை. நாதாங்கியோடு பெயர்ந்து துவைகல்லின் அருகே கிடந்தது. நாதாங்கியைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான். புரிகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

இரண்டு நாளாக அந்த வாசலில் கோலம் இல்லை. கேட்டுக்குள் இரண்டு நாள் பேப்பர் கிடந்தது. தினமும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போனேன். எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லையே என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மே 5, திங்கள்

ஆசாரியை வரவழைத்தோம். எங்கள் பின்கதவின் நாதாங்கியை ஸ்குரூடிரைவரால் இரண்டு நெம்பு நெம்பினார், கையோடு வந்துவிட்டது! "பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறீர்கள் அம்மா, அதைத் தாங்குகிற ஆணியை யாரும் பார்ப்பதில்லை" என்றார். கதவில் துளையிட்டு போல்ட்டை இந்தப் பக்கம் வரை செலுத்தி, உள்ளே நட்டு போட்டு முடுக்கினார். வெளியிலிருந்து கழற்ற முடியாது. கதவு நிலையில் மூன்று அங்குலத் திருகாணி. முன்கதவுக்குத் தொங்கு பூட்டே வேண்டாம், வீட்டில் ஆளில்லை என்று அதுவே தெருவுக்குச் சொல்லிவிடும் என்றார். கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு வைத்தாயிற்று.

உசிலம்பட்டியில் அம்மாச்சி வீட்டுக் கதவுக்குப் பின்னால் கணையமரம் இருக்கும். சுவரின் இரண்டு பக்கத் துளைகளிலும் அதைச் செருகிவிட்டுத்தான் படுப்பார். பின்கதவுக்கு அதேபோல ஓர் இரும்புச் சட்டம் கேட்டேன். செய்துகொடுத்தார்.

மே 7, புதன்

நாளை மீனாட்சி திருக்கல்யாணம். தாலிக்கு மஞ்சள் கயிறு வாங்கிவிட்டு, நகைகளை லாக்கரில் வைத்தேன். வங்கியின் கவனக்குறைவால் லாக்கரில் திருடு போனாலும் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி இது. அதனால் ஒவ்வொரு நகையையும் படமெடுத்து, ரசீதுகளோடு தனியாக வைத்திருக்கிறேன்.

மே 10, சனி

அழகர் ஆற்றில் இறங்கும் இரவில் எங்கள் தெருவே காலியாகிவிடும். இன்று மாலை எல்லா வீட்டிலும் பேசினேன். பாதிப் பேர் நாளை, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அவர்கள் காவலிருக்க, மீதிப் பேர் ஆற்றுக்குப் போகலாம். வெளியூர் போகிறவர்களின் முகவரியைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறோம். ரோந்து வரும்போது பார்ப்பார்கள்.

மே 12, திங்கள்

பச்சைப் பட்டு உடுத்தி அழகர் வைகையில் இறங்கியதைக் கண்குளிரக் கண்டோம். தண்ணீர் பீய்ச்சியதில் நனைந்த சேலையோடு வீடு திரும்பினேன்.

மூன்றாம் வீட்டு அக்கா எங்கள் படியில் உட்கார்ந்திருந்தார். இந்த ஆண்டு அவர் ஆற்றுக்கே வரவில்லை. எங்கள் பேப்பர் அவர் மடியில் இருந்தது. வாசல் தெளித்து, இழைக்கோலம் போட்டிருந்தார்; ஓரங்களில் மாவு இன்னும் ஈரமாக இருந்தது.