மூப்படையும் இதயத் தசை

அரூரை அடுத்த தீர்த்தமலையில் படியேறும்போது, எழுபது வயதைக் கடந்த என் தந்தையார் இப்போதெல்லாம் அடிக்கடி நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். வயதாகிவிட்டது என்று ஊரார் சொல்லி முடித்துவிடும் அந்த மாற்றத்தின் உள்ளே நிகழ்வது என்ன என்று அறிய விரும்பிப் படித்ததை எழுதுகிறேன்.

தோலைப் போலவோ குடலைப் போலவோ இதயத் தசைச் செல்கள் விரைந்து புதுப்பிக்கப்படுவதில்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிப் பின்னர் ஆண்டுதோறும் குறைந்துவந்த கதிரியக்கக் கார்பன்-14, செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும் அளவைக் கொண்டு, சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் பிரிசேன் குழுவினர் 2009இல் அவற்றின் வயதைக் கணித்தனர். 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும், 75 வயதில் 0.45 விழுக்காடும் மட்டுமே புதியனவாகின்றன; ஆகவே பாதிக்கு மேற்பட்ட செல்கள் இளமையிலிருந்து இறுதிவரை உடனிருந்து உழைக்கின்றன. எனக்கு இது பெருவியப்பாக இருந்தது.

அவற்றுள் சில மடிய, எஞ்சியவை பருத்துச் சுமையை ஏற்கின்றன. லிப்போஃபசின் என்னும் பழுப்பு நிறக் கழிவு சேர்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களின் திறன் குறைகிறது. இவற்றினும் முதன்மையாக நான் கருதுவது, சுருக்கத்தைத் தூண்டும் கால்சியத்தை, ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் செல்லுக்குள் உள்ள சேமிப்பறைக்குத் திருப்பி அனுப்பும் வேகம் குறைவதையே. அதனால் தசை தளர்வதற்கு நேரமாகிறது. செல்களுக்கு இடையே கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் மிகுந்து சுவர் விறைப்பதால், இடது கீழறை நிரம்புவது மந்தமாகிறது. ஓய்வில் தெரியாத இக்குறை, துடிப்பு விரைய வேண்டிய மலையேற்றத்தில் வெளிப்படக்கூடும்.

ஆயினும் மூச்சிரைப்புக்கு இரத்தசோகை, வால்வுக் கோளாறு, இரத்தக்குழாய் அடைப்பு எனச் சிகிச்சைக்குரிய காரணங்களும் உண்டு என்பதால், முதுமைதான் என்று நாங்களே முடிவு செய்துவிடாமல், தந்தையாரை எக்கோ பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன்.