மாரி பிராக்மோனின் தட்டுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் மாரி பிராக்மோனைப் பற்றி எதைப் படித்தாலும், அவரைப் போலவே கலைஞரான கணவர் ஃபெலிக்ஸ் மீதான புகாரில்தான் வந்து நிற்கிறது. பொறாமைக்காரர், வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் மனைவியின் படங்களைக் காட்டமாட்டார் என்று மகன் பியேரே எழுதி வைத்திருக்கிறார். 1890 வாக்கில் மாரி ஓவியத்தை ஏறக்குறைய விட்டேவிட்டார். சரி, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நானும் தட்டில் வண்ணம் தீட்டுகிறவள் என்பதால், அவருடைய பீங்கான் வேலையை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப்போவதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1869ல் இருவருக்கும் திருமணம். லிமோஜ் நகரத்து ஹாவிலாண்ட் பீங்கான் நிறுவனம் பாரிஸின் ஓத்தேய் பகுதியில் 1870களில் ஒரு பட்டறை நடத்தியது. ஃபெலிக்ஸ்தான் அதன் கலை இயக்குநர். அந்தப் பட்டறைக்காக மாரி சாப்பாட்டுத் தட்டுகளுக்கு அலங்காரம் செய்தார். சுட்ட ஓடுகளாலான பெரிய பலகைகளும் தீட்டினார். கலைத் தேவதைகளை வரைந்த ஒரு பலகை 1878 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனது. அதற்காக அவர் போட்ட மாதிரி ஓவியத்தை ஓவியர் தெகா மெச்சினார்.

இந்த வேலையின் சள்ளை செய்தவர்களுக்குத்தான் தெரியும். தூரிகையில் இருக்கும் நிறம் வேறு, சூளையிலிருந்து வரும் நிறம் வேறு. கோபால்ட் என்ற நிறப்பொருள் தீட்டும்போது கருப்பாகவோ சாம்பலாகவோ கிடக்கும், சுட்டபிறகுதான் நீலமாகும். முகத்தின் நிழலுக்கு எந்த நிறம் என்பதைக் கண்ணால் அல்ல, நினைவால் முடிவு செய்ய வேண்டும். பூ என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பூதான். மனித உருவம் அப்படி மன்னிக்காது.

ரூசோ என்ற வணிகருக்காக ஃபெலிக்ஸ் வடிவமைத்த புகழ்பெற்ற ரூசோ தட்டுகளும் (1866) அழகுதான், மறுக்கவில்லை. ஹொகுசாய் முதலான ஜப்பானிய ஓவியர்களின் கோழி, மீன், பூச்சிகளைப் பார்த்து எட்சிங் (அமிலத்தால் உலோகத் தகட்டில் அரித்துச் செய்யும் அச்சுப்படம்) போட்டு, அச்சிட்ட தாளை வெட்டி, தட்டில் ஒட்டிச் சுட்டார்கள். தாள் எரிந்துவிடும், படம் தங்கிவிடும். கெட்டிக்காரத்தனமான முறை. அதற்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதியாவது மாரிக்குக் கிடைக்கலாம்.

இன்னொன்று. பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரும் சிறு வயதில் பாரிஸில் பீங்கானுக்கு வண்ணம் தீட்டியவர்தான். அவர் வாழ்க்கை வரலாற்றில் அதற்குப் பெயர் பயிற்சி. மாரியின் தட்டுகளையோ கணவருக்குச் செய்த ஒத்தாசை மாதிரி எழுதுகிறார்கள்.